பம்பாய் லாபியும் மருமகன் பட்டியலும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. கிரிக்கெட் பிடிக்காதவர்களும் படிக்கலாம். கடைசியில் நம்ம உத்திரமேரூர் வரும்.

ஐ.பி.எல். வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல்தான். "அம்பயர் மும்பை ஆளு", "அட்டவணையே அவங்களுக்காகப் போட்டது", "போர்டு ஆபீஸே அவங்க ஊர்ல இருக்கு, வேற எப்படி இருக்கும்". மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கும் என் பழைய மாணவர்களைக் கேட்டால் வேறு பாட்டு. "போர்டு தலைவரே உங்க டீம் முதலாளியா இருந்தாரு சார், நீங்க பேசலாமா?" இரண்டு பக்கமும் ஒரே குற்றச்சாட்டுதான், விலாசம் மட்டும் வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில், இந்தக் குற்றச்சாட்டுக்கு எவ்வளவு வயசு, அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

வயசு கிட்டத்தட்ட தொண்ணூறு. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தைப் போட்டவர் நம்ம எம்.ஜே. கோபாலன். ஆட்டம் அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. மைசூர் 48, 59. மெட்ராஸ் ஒரே இன்னிங்ஸில் 130. பதினொரு விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம் சிங். பஞ்சாபிலிருந்து வந்து மெட்ராஸில் வேரூன்றிய சீக்கியக் குடும்பம். இடது கைச் சுழற்பந்து, பேட்டிங்கும் உண்டு. அந்தக் காலத்து மெட்ராஸ் அணியே அவர் தோளில்தான் நின்றது. ஆனால் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பிள்ளைகள் கிரிபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள், கிரிபால் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார், அப்பாவுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

சென்னையின் பழைய ரசிகர்கள் இதைத்தான் முதல் அநியாயம் என்று சொல்வார்கள். "மெட்ராஸ்காரன் என்பதால்தான்" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 1934 நவம்பருக்கும் 1946க்கும் இடையில் இந்தியா ஆடிய டெஸ்ட் மொத்தம் ஆறு. 1936இல் மூன்று, 1946இல் மூன்று, எல்லாமே இங்கிலாந்தில். நடுவில் உலகப் போர். அதாவது கப்பலில் இடம் கிடைத்தால்தான் டெஸ்ட். 1936 அணிக்குத் தலைவர் யார்? விஜயநகரம் மகாராஜகுமார், விஜி என்பார்கள். ஆட்டத்தால் வந்த தலைவர் அல்ல, அந்தஸ்தால் வந்தவர். அணியின் நல்ல ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தைச் சுற்றுப்பயணத்தின் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நம் கோபாலனும் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு அந்தக் கப்பலில் ஏறினார், ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பினார். ஹாக்கி அணி தங்கத்தோடு வந்தது! ஆக, ராம் சிங்குக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது பம்பாய் செய்ததாகத் தெரியவில்லை. அரண்மனைக்காரர்கள் நடத்திய ஆட்டத்தில் ஹைதராபாத்காரனும் பஞ்சாப்காரனும் பட்டதைத்தான் மெட்ராஸ்காரனும் பட்டான்.

"பம்பாய் லாபி" என்ற சொல் கனத்தது அதற்குப் பிறகு. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து வருஷம் தொடர்ந்து ரஞ்சிக் கோப்பை பம்பாய்க்கே போயிற்று. இடையில் ஒரு வருஷம்கூட நழுவவில்லை. நமக்கு 1954-55இல் ஒன்று கிடைத்தது, அடுத்தது 1987-88இல். இரண்டுக்கும் நடுவில் முப்பத்து மூன்று வருஷம். இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் வளர்ந்தவர்களின் மனசில்தான் அந்தச் சொல் ஊறிப்போனது. நானும் அவர்களில் ஒருவன். எங்கள் பக்கம் தறிமேடைக்குப் பக்கத்தில் ரேடியோ இருக்கும். பாவு அறுந்தாலும் சரி, மெட்ராஸ் விக்கெட் விழுந்தாலும் சரி, ஒரே வசவுதான் விழும்.

அந்தக் காலத்துப் போட்டி அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் புரியும். நாட்டை ஐந்து மண்டலமாகப் பிரித்திருந்தார்கள். 1970 வரைக்கும் மண்டலத்துக்கு ஒரே அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். தென்மண்டலத்தில் நாம், மைசூர், ஹைதராபாத், ஆந்திரா, கேரளா. பிரசன்னாவையும் சந்திரசேகரையும் ஜெய்சிம்ஹாவையும் தாண்டினால்தான் மேலே போக முடியும். தாண்டிப் போன வருஷங்களில் என்ன ஆயிற்று? 1967-68 இறுதியில் பம்பாயிடம் முதல் இன்னிங்ஸ் ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். 1972-73 இறுதி சேப்பாக்கத்திலேயே நடந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்த மைதானம். நம் பக்கம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும். சுழலுக்கு ஏற்ற ஆடுகளம். பம்பாய் 151க்கு ஆல் அவுட். பாதி வேலை முடிந்தது என்று நினைத்தோம். பிறகு பத்மாகர் சிவால்கர் பந்தைக் கையில் எடுத்தார். 16 ரன்னுக்கு 8 விக்கெட். நாம் 80. பம்பாயின் இரண்டாம் இன்னிங்ஸ் 113. நாம் மறுபடியும் 61, சிவால்கருக்கு 18 ரன்னுக்கு 5. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு எந்த லாபியைச் சொல்வது? மைதானம் நம்முடையது, ஆடுகளம் நம்முடையது, நாம் வெட்டிய குழியில் நாமே விழுந்தோம்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தச் சிவால்கர் முதல்தரக் கிரிக்கெட்டில் 589 விக்கெட் எடுத்தவர். இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை! பேடி இருந்த காலம், இடமில்லை. பம்பாய் லாபி அவ்வளவு வலுவானதாக இருந்தால் தன் சொந்தப் பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் தொப்பி வாங்கித் தந்திருக்காதா? பிற்காலத்தில் அமோல் மஜும்தார் பதினோராயிரம் ரன்னுக்கு மேல் அடித்தும் அதே கதைதான். சரி, நம் வி.வி. குமார்? 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட். அதே வருஷம் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இன்னொரு டெஸ்ட். அத்தோடு சரி. பிறகு முதல்தர ஆட்டங்களில் 600க்குக் கிட்டத்தட்ட விக்கெட் எடுத்தும் கூப்பிடவில்லை. ஆனால் 1964க்குப் பிறகு லெக் ஸ்பின்னர் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் பம்பாய்க்காரர் அல்ல, மைசூர் சந்திரசேகர். நம் வெங்கட்டின் இடத்துக்குப் போட்டி போட்டவரும் மைசூர் பிரசன்னாதான். 1971 இங்கிலாந்துத் தொடரில் மூன்று டெஸ்ட்டிலும் வெங்கட் ஆடினார், பிரசன்னா உட்கார்ந்தே இருந்தார். அன்றைக்குப் பெங்களூரில் நம்மைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1971 என்றதும் பட்டோடி விஷயம் வரும். வெஸ்ட் இண்டீஸ் பயணத்துக்குத் தலைவர் யார் என்று தேர்வுக் குழுவில் ஓட்டு சமமாகப் பிரிந்தது. குழுத் தலைவர் விஜய் மெர்ச்சென்ட், பம்பாய்க்காரர், தன் கூடுதல் ஓட்டை அஜித் வடேகருக்குப் போட்டார். அவரும் பம்பாய்க்காரர். லாபிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்பார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்ட்டில் ஆடிய பதினொருவரில் ஐந்து பேர் பம்பாய்: வடேகர், சர்தேசாய், கவாஸ்கர், சோல்கர், அசோக் மன்கட். அந்தத் தொடரில் கவாஸ்கர் அடித்தது 774, சர்தேசாய் 642. இந்தியா முதல்முறையாக வெஸ்ட் இண்டீஸை வென்றது. அதே தொடரில் நம் பக்கம் அதிக விக்கெட், 22, எடுத்தவர் துணைத்தலைவராக இருந்த வெங்கட்ராகவன். கூடுதல் ஓட்டு சொந்த ஊர்ப் பாசத்தால் விழுந்ததா, நல்ல கணிப்பால் விழுந்ததா என்பதை மெர்ச்சென்ட்டின் மனசுதான் அறியும். விளைவு மட்டும் நம் எதிரில் இருக்கிறது.

வெங்கட்டுக்கு நடந்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1974 டிசம்பரில் பட்டோடி காயம்பட்டதால் டெல்லி டெஸ்ட்டுக்கு அவர் தலைவர். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் அணியிலேயே இடமில்லை. 1979 இங்கிலாந்துத் தொடரில் மறுபடி தலைவர். ஓவலில் 438 இலக்குக்கு இந்தியா 8 விக்கெட்டுக்கு 429 வரை போய் நின்றது. ஊர் திரும்பும் விமானத்தில், இனி கவாஸ்கர்தான் தலைவர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதவி போன செய்தியைத் தலைவர் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து கேட்டார். கவாஸ்கர் தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனுஷனிடம் நேரில் சொல்லும் மரியாதைகூடவா இல்லை? ஓரவஞ்சனை என்ற சந்தேகம் இப்படிப்பட்ட இடத்தில்தான் முளைக்கிறது. முடிவைவிட, முடிவு எடுத்த விதம்தான் ஆளைச் சுடுகிறது.

பம்பாயின் பலம் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடங்களுக்கு ஹாரிஸ் ஷீல்டு, அலுவலகங்களுக்கு டைம்ஸ் ஷீல்டு, மழைக்காலச் சேற்றிலும் நடக்கும் காங்கா லீக், ஆசாத் மைதானத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நடக்கும் ஆட்டங்கள். இது ஆடுகளத்துப் பலம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போர்டுக்குள் வேறொரு பலம் இருந்தது. அதைத்தான் ரசிகர்கள் சரியாகப் பார்க்கவில்லை. மஹாராஷ்டிரம் ஒரு மாநிலம், போர்டில் அதற்கு மும்பை, மஹாராஷ்டிரா, விதர்பா என்று மூன்று சங்கம், மூன்று ஓட்டு. போதாததற்கு, மும்பையில் உள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுக்கும் ஓர் உறுப்பினர் இடம் இருந்தது, அதற்கு ரஞ்சி அணியே கிடையாது. குஜராத்துக்கும் குஜராத், பரோடா, சௌராஷ்டிரா என்று மூன்று. தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று. பீகாருக்கு, ஜார்க்கண்ட் பிரிந்த பிறகு, அதுவும் இல்லாமல் போயிற்று. பத்துக் கோடி ஜனம் உள்ள மாநிலத்துக்கு அப்போது ஓட்டு இல்லை, ஒரு கிளப்புக்கு இருந்தது. அம்பயரைத் திட்டும் நேரத்தில் இந்தப் பட்டியலைத் திட்டியிருக்கலாம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1939இல் கல்கத்தாவில், கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ. பாரபட்சம் காட்டுகிறது என்று சொல்லி முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் உள்ளிட்ட கிளப்புகள் லீக்கை விட்டே வெளியேறின. அந்த வருஷக் கோப்பை மோகன் பகானுக்குப் போயிற்று, அவர்களுக்கு அது முதல் லீக் கோப்பை. இன்றைக்கும் அந்தக் கோப்பையைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்று ஒன்று, நம் கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அங்கே கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி ஆடிய 13 ஆட்டத்தையும் வென்றது. இருந்தும் கடைசி நான்கு அணிகளில் அதைச் சேர்க்காமல், ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவைச் சேர்த்தது தேர்வுக் குழு. முக்கிய ஆட்டக்காரர் காயம்பட்டுவிட்டார் என்று காரணம் சொன்னார்கள். பெரிய கூட்டமைப்புக்குச் சலுகை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஜெயித்தவனை ஜெயித்தது போதாது என்று ஒரு அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தால் யார்தான் நம்புவார்கள்?

இனி நம் கதைக்கு வருவோம். இங்கே என் மாணவர்கள் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

2008 ஜனவரி. ஐ.பி.எல். அணிகளை ஏலம் விட்டார்கள். சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் அப்போது கிரிக்கெட் போர்டின் பொருளாளர். போர்டின் விதி 6.2.4 என்ன சொல்லிற்று? போர்டு நிர்வாகி யாரும் போர்டு நடத்தும் போட்டிகளில் நேராகவோ மறைமுகமாகவோ வியாபாரத் தொடர்பு வைத்திருக்கக் கூடாது. விதி தெளிவாக இருந்தது. 2008 செப்டம்பரில் அந்த விதியையே திருத்தினார்கள், 'ஐ.பி.எல். போன்றவை நீங்கலாக' என்று. அதாவது திருடக் கூடாது, நகைக்கடை நீங்கலாக. அதே சமயத்தில் இந்திய அணியின் தேர்வுக் குழுத் தலைவராக வந்த ஸ்ரீகாந்த், சென்னை அணியின் விளம்பரத் தூதராகவும் இருந்தார். அவர் ஆட்டத்தை ரசித்து வளர்ந்த எனக்கே அது சரியாகப் படவில்லை. சீனிவாசன் பிறகு செயலாளர் ஆனார், 2011இல் போர்டின் தலைவரே ஆனார்.

இதை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனவர் மும்பைக்காரர் அல்ல. நம் சென்னையின் ஏ.சி. முத்தையா. போர்டின் முன்னாள் தலைவர். சேப்பாக்கம் மைதானத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்களோ அந்த எம்.ஏ. சிதம்பரத்தின் மகன். இரண்டு தொழிலதிபர் குடும்பங்களின் பழைய பகை என்று சிலர் ஒதுக்கினார்கள். இருக்கட்டும், பகையாளி சொன்னாலும் கணக்கு கணக்குதானே? 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். விஷயம் நின்றுபோயிற்று.

2013 மே மாதம் சூதாட்ட விவகாரம் வெடித்தது. சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. அவர் அணியின் அதிகாரியே இல்லை, ஆர்வத்தால் கூட வருகிறவர் என்று விளக்கம் வந்தது. டி.வி.யில் ஒவ்வொரு ஆட்டத்திலும் அணியின் பெஞ்சில் அவரைப் பார்த்த நமக்கே அந்த விளக்கம் செரிக்கவில்லை. மறுபடி வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஓட்டு இல்லாமல் போன பீகார்க் கிரிக்கெட் சங்கம். 2015 ஜனவரி 22இல் நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், கலிஃபுல்லா தீர்ப்பு சொன்னார்கள். விதித் திருத்தம் செல்லாது. மருமகன் அணி அதிகாரிதான், பந்தயம் கட்டியது நிரூபணம். சீனிவாசன் விசாரணையை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு மட்டும் நிரூபிக்கப்படவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அரைத் தீர்ப்பைச் சொல்வது நம் வேலை இல்லை. ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளையும் இரண்டு வருஷம் தள்ளி வைத்தது. நாமோ ஆடுகளத்தில் தோனி சம்பாதித்த பேரை மேஜைக்கு அடியில் நடந்ததோடு சேர்த்துச் சுமந்தோம். 2010, 2011 கோப்பைகளை அம்பயர் தந்தார் என்று எவனும் நிரூபிக்கவில்லை. ஆனால் அப்படிப் பேசும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது அந்த விதித் திருத்தம்.

இங்கேதான் உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921. குடவோலை என்று பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியில் முடித்துவிடுவோம். ஓலையைக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் வகுப்பில் நின்று சொல்ல ஆசைப்பட்டது அடுத்த பகுதியை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, மாமன், சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மைத்துனன், மகளைக் கட்டிய மருமகன் வரை பட்டியல் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். ஆமாம், மருமகன்! போன மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை.

அது எல்லாருக்குமான ஜனநாயகம் இல்லை. பிராமணச் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவனுக்குத்தான் ஓலை. பெண்ணுக்கும் உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் அதில் பங்கு கிடையாது. அதைச் சொல்லாமல் பெருமை பேசுவது எனக்கு ஒப்பாது. ஆனால் பணமும் பதவியும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஆளை நம்பாமல் கல்லில் வெட்டி வைத்தார்கள். (எங்கள் கூரம் செப்பேட்டைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன், அது வேறு விஷயம்.)

லோதா குழு 2016இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு பதவிக்காலம் முடிந்தால் மூன்று வருஷம் ஒதுங்கியிரு. ஒரு மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்து நடந்ததை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதில் சிக்ஸர் இல்லை. 2018 ஆகஸ்டில் மஹாராஷ்டிரத்தின் மூன்று ஓட்டும் குஜராத்தின் மூன்று ஓட்டும் திரும்பி வந்தன. அவை பழைய சங்கங்கள், வரலாறு உள்ளவை என்று காரணம். தொடர்ந்து இரண்டு பதவிக்காலம் இருந்த பிறகு ஒதுங்கினால் போதும் என்று ஆயிற்று. 2022இல் மறுபடி தளர்த்தி, மாநிலச் சங்கத்தில் ஆறு, போர்டில் ஆறு என்று பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து இருக்கலாம் என்றார்கள். அந்த இரண்டு நாளும் நம் குழுக்களில் ஒரு செய்திகூட வரவில்லை. எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்கு மட்டும் நானூறு செய்தி.

1973 இறுதியாட்டத்தைச் சேப்பாக்கத்தில் நேரில் பார்த்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தில் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மூன்றாம் நாள் அந்த ஒரு பந்துக்காக டிக்கெட் எடுத்து உள்ளே போனவர் இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும்.